படத்துக்குள் அடைபட்ட அறிவிப்பு

பிப்ரவரி மாதக் காலை. தீவின் படகுத்துறையில் ஓட்வார் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். பனியும் மழையும் கலந்து முகத்தில் அறைந்தன. எதிர்க்கரைப் பள்ளியில் அவருடைய கணக்கு வகுப்பு இந்நேரம் தொடங்கியிருக்க வேண்டும். படகின் ஓசையைத்தான் காணோம்.

பக்கத்து வீட்டு யோரூன் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிவந்தாள்.

"ஐயோ ஓட்வார், இன்னிக்குப் படகே கிடையாதே! விடியும்போதே அறிவிப்பு போட்டுட்டாங்க, பாக்கலியா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓட்வாருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

"பாக்க முடியாது, கேட்டேன்," என்று சிரித்தார் அவர். "'படம்'னு ஒரே வார்த்தை சொல்லிட்டு போன் வாயை மூடிக்கிச்சு."

அவருடைய கைபேசி திரையில் உள்ள எழுத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும். படகு நிறுவனமோ தன் இணையப் பக்கத்தில் அறிவிப்பை வண்ண வண்ணமாக வடிவமைத்துப் படமாகவே போட்டுவந்தது. அதற்குள் இருந்த எழுத்து அந்தக் குரலுக்கு எட்டவில்லை.

அன்றே நிறுவனத்தின் தகவல் பிரிவுக்குப் போன் செய்தார். எடுத்தவள் சிசெல் என்ற பெண்.

"இன்னிக்கு ஒரு படம் போட்டிருக்கீங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்களேன்."

வாசித்தாள். அடுத்த படத்துக்கும் கூப்பிட்டார். அதற்கடுத்ததற்கும். மூன்று வாரத்தில் பத்தொன்பது முறை.

"என்னை விட்டுடுங்களேன் ஓட்வார், எனக்கு வேற வேலையே இல்லையா?"

"எனக்கும்தான் வேலை இருக்கு. கீழ நாலு வரி எழுத்தாப் போட்டா நான் ஏன் உங்க உயிரை வாங்கப்போறேன்?"

சிசெல் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லிப் பாத்துட்டேன். ஒரே ஒரு ஆளுக்காகப் பக்கத்தோட அழகைக் கெடுக்கணுமான்னு ஸ்டைன் கேக்கறார்."

ஸ்டைன் அவளுடைய மேலாளர். ஒரே ஒரு ஆள் என்ற சொல் ஓட்வாரைத் தைத்தது. இரண்டு வாரம் தீவு தீவாகப் போனார். கண் மங்கிய மீனவர்கள், எழுத்துக்கூட்டித் திணறுபவர்கள், பொடி எழுத்தைப் படிக்க முடியாத முதியவர்கள் என்று முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். அவர்கள் சொன்னதையும், அறிவிப்பு எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் மூன்று பக்கக் கடிதமாக்கி ஸ்டைனுக்கு அனுப்பினார். முழுவதும் பிரெயிலில்.

நான்காம் நாள் ஸ்டைனே கூப்பிட்டார். "என்னங்க இது? வெறும் புள்ளியா அனுப்பியிருக்கீங்க?"

"அவசரமான விஷயம். பாக்க அழகா இருக்கா?"

"கிண்டலா? எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியல."

"வாசிச்சுச் சொல்றேன். ஆனா நாளைக்குத்தான், இப்போ எனக்கு வகுப்பு."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது. பிறகு ஸ்டைன், "நாளைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

மறுநாள் மூன்று பக்கத்தையும் கேட்டுவிட்டு ஸ்டைன் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். முதல் முயற்சி சொதப்பல். படத்தின் கீழே 'படகின் படம்' என்று எழுதியிருந்தார்கள். ஓட்வார் இருபதாவது முறையாகச் சிசெலுக்குப் போன் செய்தார். சிசெல் சிரித்தேவிட்டாள். அன்று மாலையே அறிவிப்பு முழுதும் எழுத்தில் வந்தது. அதன்பின் நிற்கவில்லை.

அக்டோபர் புயலின்போது, படகு ரத்து என்று கைபேசி சொன்னதைக் காப்பி குடித்தபடியே கேட்டார். பள்ளிக்குத் தகவல் சொல்லிவிட்டு, அடுத்ததாகத் தொலைக்காட்சி நிலையத்தின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். தொலைக்காட்சிச் செய்தியில் வெளிநாட்டார் பேசும்போதெல்லாம் மொழிபெயர்ப்பு திரையின் அடியில் எழுத்தாக மட்டுமே ஓடுகிறது. அதை யார் வாசித்துச் சொல்வார்கள் என்று அவர்களையும் கேட்க வேண்டியிருந்தது.