அக்கா போட்ட பூட்டு

சன்னலோர இருக்கையில் கைப்பையை வீசி இடம் பிடித்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே கைப்பேசியைத் திறந்துவிடுவார் ஜாக்லின் அக்கா. மாசாயிலிருந்து பாசிர் கூடாங் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கும்போது, முகம் தெரியாத யாரோ ஒருவரின் கல்யாணப் படம் ஏன் மஞ்சளடிக்கிறது என்று அக்கா விசாரித்துக்கொண்டிருப்பார்.

படம் திருத்தும் மென்பொருள் ஒன்றுக்கு இணையத்தில் தமிழ்ப் பயனர் குழு இருக்கிறது. அதில் அக்கா மாடரேட்டர். சம்பளம் கிடையாது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் உண்டு, அவ்வளவுதான். பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் ஆனதைக்கூட அவர் இவ்வளவு சொல்லிக்கொண்டதில்லை. "நான் இல்லன்னா இந்த குரூப்பு எப்பவோ மூடியிருக்கும், புங்குஸ் லா, சுகு" என்பார், பக்கத்து இருக்கைக்காரனான என்னிடம்.

போன வருடம் அந்த நட்சத்திரம் இன்னொருவருக்கும் கிடைத்தது. சாஆ என்ற ஊரில் உணவகம் வைத்திருக்கும் குடும்பத்து இர்ஃபான். அவர் பதிலை எழுதுவதில்லை. செய்து காட்டிக் குட்டிக் காணொளியாகப் போட்டுவிடுவார். கீழே இதயங்கள் குவியும். அக்காவின் நீளமான பதில்களுக்கு "ஓகே கா" என்று ஒன்று வரும்.

"நான் சொல்லாத எதை இவன் சொல்லிட்டான்? அப்பா கடையில தே தாரிக் ஆத்தலாம்ல, இங்க என்னா வேல?"

பொறாமைதான். வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை. அவர் வயிறு எரிவது பக்கத்து இருக்கை வரை சுடும். இர்ஃபானுக்கு விழுந்த இதயங்களைப் பார்த்துவிட்டு, ரொட்டி சானாயைத் தின்னாமல் மடித்து வைத்த நாட்கள் உண்டு. குழுவில் எதைத் திறந்தாலும் முதலில் பெயரைத்தான் பார்ப்பார். இர்ஃபான் என்றால் காணொளியைத் தொடுவதே இல்லை.

போன வாரம் அதுதான் வினையாயிற்று. காஹாங்கிலிருந்து ஷாமளா என்ற பெண் கேட்டிருந்தார்: மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, தங்கையின் கல்யாணப் படங்கள் எல்லாம் கேள்விக்குறியோடு சாம்பல் பூத்து நிற்கின்றன, ஆல்பம் மாலையில் அச்சுக்குப் போயாக வேண்டும். இர்ஃபான் முந்திக்கொண்டு பதில் போட்டிருந்தார். அக்கா பெயரைப் பார்த்தார். "பழைய கேள்வி, இங்கே பார்க்கவும்" என்று, பட்டியல் ஃபைலை அழித்துவிட்டுத் திறக்கச் சொல்லும் தன்னுடைய பழைய பதிலுக்கு வழி காட்டிவிட்டுக் கேள்வியைப் பூட்டினார். பூட்டினால் அதன் கீழுள்ள பதில்கள் மறைந்துவிடும். ஒரு மாடரேட்டர் போட்ட பூட்டை இன்னொருவர் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"முடிஞ்சிச்சு" என்று ரொட்டியைப் பிய்த்தார். அன்றைக்கு ரசித்துச் சாப்பிட்டார்.

பேருந்து துறைமுகச் சாலைக்குத் திரும்பியபோது இர்ஃபானிடமிருந்து தனிச்செய்தி வந்தது. படித்த அக்கா திரையை என் பக்கம் திருப்பினார்.

"அக்கா, பழைய வெர்ஷன்ல பட்டியல் ஃபைல அழிச்சா ஒன்னும் ஆவாது. புதுசுல திருத்தம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அழிச்சா அவங்க செஞ்சது மொத்தமும் போயிரும். நான் பூட்டத் தொடல. நீங்களே சொல்லிருங்க, அதான் மரியாதை."

அதற்குள் ஷாமளா அக்காவுக்குத் தனிச்செய்தியில் எழுதியிருந்தார்: "நன்றிக்கா. நீங்க சொன்னா சரியாதான் இருக்கும். கம்ப்யூட்டர ஆன் பண்ணிட்டேன்."

"அலமாக்!" என்று பதறினார் அக்கா. "திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன் லா, சுகு. மரியாதையாம்!"

சொல்லிக்கொண்டே எழுதினார்: "ஷாமளா, அழிக்காதீங்க. நான் சொன்னது தப்பு. இர்ஃபான் சொன்னபடி செய்ங்க." பூட்டைத் திறந்தார். இர்ஃபானின் பதிலை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்தார். பிறகு காத்திருந்தோம். நானும்தான்.

"இப்பதான் கை வைக்கப் போனேன் கா. நிறுத்திட்டேன்" என்று வந்தது. சற்று நேரத்தில், "எல்லாம் வந்திருச்சு!" என்றும் வந்தது. கூடவே ஒரு சிவப்பு இதயம், இர்ஃபானின் பதிலுக்கு. அக்காவுக்கு ஒன்றுமில்லை. எனக்கே வலித்தது.

பேருந்து தொழிற்சாலை வாசலில் நின்று எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். அக்கா எழவில்லை. இர்ஃபானின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அந்தக் காணொளியை முதலிலிருந்து ஓடவிட்டார்.