திரும்பாத கீ

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் டைப் செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பத்திரிகையில் மாமன் பெயர் தமிழில் இருந்தால், பின்னாலேயே அவர் படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். பெயருக்குப் பெயர் மொழி மாற்றியே எரிச்சல் வந்து, ஒரே கீயை அமுக்கினால் மாறும்படி நானே ஒரு ஸ்கிரிப்ட், குட்டி புரோகிராம், எழுதினேன்.

முதலில் அது தமிழுக்குப் போனது, ஆங்கிலத்துக்குத் திரும்பவே இல்லை. எந்த மொழியில் இருக்கிறோம் என்று குறித்துவைக்கும் வேரியபிளை, கீயை அமுக்கினால் ஓடுகிற ஃபங்ஷனுக்கு உள்ளே வைத்திருந்தேன். கீயை அமுக்கும்போதெல்லாம் அது புதிதாகப் பிறந்து, முன்பு நடந்தது எதுவும் தெரியாமல் மறுபடி தமிழையே போட்டது. வேரியபிளை வெளியே எடுத்துவைத்து, வெளியே இருப்பதையே பார் என்று சொல்ல உள்ளே குளோபல் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

இதைத் தன் அக்கா மகன் செய்தான் என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு என் நாற்காலியிலும் அவனையே உட்காரவைத்தார். அவன் அந்த வரி எதற்கென்று அழித்துவிட்டான்.

போன வாரம் கடைக்காரர் போன் செய்தார். "தாயி, கீ திரும்ப மாட்டேங்குது. செத்த வந்து பாத்துட்டுப் போ."

போயிருக்கக் கூடாது, போனேன். அந்த வரியைச் சேர்த்து முடித்தபோது, பத்திரிகை வாங்க வந்தவர் நான் யாரென்று கேட்டார்.

கடைக்காரர் நிமிரக்கூட இல்லை. "யாரோ, கம்ப்யூட்டர் பாக்க வந்த புள்ள."

சேர்த்த வரியை அழித்து சேவ் செய்தேன்.

"சரியாப் போச்சுண்ணே, வாரேன்."