அத்தையிடம் ஏச்சு வாங்கிய டாக்டர்

என்னை அத்தை மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கலாமா என்று கேட்டால், அத்தை மட்டும் “யோசிச்சுச் சொல்லுதேன்” என்பாள். மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விடச் சொன்னால் எனக்கு உயிர் போன மாதிரிதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் ஆற்றுக்கு அக்கரையில் பயாஸ்கோப் கொட்டகை போட்டார்கள். இங்கிலீஷ் துப்பறியும் நாவல் ஒன்றைப் படமாக எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாள் கொடுத்து, அந்த நாவலை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொன்னால் என் படிப்பின் அருமை அவளுக்குப் புரியும் என்று திட்டம் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு.

அந்தக் காலத்துப் படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் பிரம்போடு நின்று தமிழில் கதை சொல்லுவார். ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள் இருந்த இடத்தில் படம் ஓட்டும் எஞ்சின் இரைச்சல் கேட்டதே தவிர அவர் குரல் கேட்கவில்லை. ஆகவே நான் சொல்ல ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு பெரிய பங்களா. அதில் ஒரு பணக்காரக் கிழவர் யாரோ வைத்த விஷத்தால் செத்துப்போகிறார். அடுத்தபடி அவர் பேத்திக்குக் குறி. அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும். கொலைகாரன் யாரென்று தெரியாமல் கடைசிவரை நாம் தவிக்கவேண்டும். அத்தைக்கு அது சரிப்படவில்லை. நம் ஊர் நாடகத்தில் ராஜா வந்தால் நான்தான் ராஜா என்றும், துஷ்டன் வந்தால் நான்தான் துஷ்டன் என்றும் பாடிக்கொண்டுதானே வருவார்கள்? அது தெரியாமல் யாரை ஏசுவது, யாருக்காக அழுவது?

“ஏளா, கெட்டவன் யாருன்னு மொதல்லயே சொல்லிரு” என்றாள்.

நாவலில் கொலைகாரன் டாக்டர். சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் டாக்டர் மருந்துப் புட்டியோடு வரும்போதெல்லாம் பெண்கள் பக்கம் ஒரே ஏச்சு. அத்தை மண்ணை வாரித் தூற்றாத குறைதான். அந்த மருந்தைக் குடிக்காதே என்று திரையிலிருந்த பேத்தியிடம் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னாள். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் போலீஸ் வந்து வக்கீலுக்கு விலங்கு மாட்டியது. பேத்தி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எழுத்து வந்தது: வக்கீல் வைத்த விஷத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றிவைத்து அவளைக் காப்பாற்றியவர் டாக்டர்தானாம். படம் எடுத்தவர்கள் நாவலின் முடிவை மாற்றிவிட்டார்கள்.

வக்கீலுக்கு எதற்கு விலங்கு என்று அத்தை கேட்டாள்.

வக்கீல் கூட்டாளி, டாக்டரை அப்புறம் பிடிப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அங்கே இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி அளக்கிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன், அத்தே. டாக்டர் நல்லவரு.”

அத்தை விருட்டென்று எழுந்து வெளியே நடந்தாள். அவளுடைய மாட்டுவண்டி பாலத்தைத் தாண்டி எங்கள் வீடு வந்து சேரும்வரை வெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலைக்கு அன்றோடு முழுக்கு என்று முடிவுகட்டி, உள்ளே போய் அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் அதே வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது.

“கெளம்பு. நல்ல மனுசன வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். இன்னொருக்கா பாக்கணும்” என்றாள் அத்தை.

அன்றைக்கு டாக்டர் வரும்போதெல்லாம் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் புதிதாக வந்திருந்த பெண்கள், இதில் கெட்டவன் யார் என்று அவளிடம் கேட்டார்கள். அத்தை என்னைக் கை காட்டினாள்.

“எம் மருமவ டீச்சரு. அவளக் கேளுங்க. தப்பாச் சொன்னாலும் தப்புன்னு அவளே சொல்லிருவா.”

மருமகளையும் டீச்சரையும் அவள் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுடைய மூன்று மாத யோசனை முடிந்துவிட்டது. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வக்கீல்தான் கெட்டவன் என்று அந்தப் பெண்களுக்குச் சொன்னேன்.