நடுவில் ஆப்பிரிக்கா இருக்கும் படம்

இன்று திருச்செங்கோட்டுப் பேருந்தில், என் கைபேசித் திரையிலிருந்த பூமிப் படத்தைப் பக்கத்து இருக்கை அம்மா எட்டிப் பார்த்தார். நிலவுக்குப் போனவர்கள் வழியில் எடுத்தார்களே, அந்தப் படம்.

"இதுல ஆப்பிரிக்கா எங்கீங்க இருக்குது?"

காட்டினேன். பாதிப் படமே அதுதான்.

"நம்மூருங்க?"

மேலே, வலது ஓரத்தில் மங்கலாக இருந்ததைக் காட்டினேன்.

"இத்தன கிட்டத்துலயா!" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "எங்க ஊட்டுக்காரரு ரிக் வண்டியோட போர்வெல் போட அங்கதான் போயிருக்காருங்க. ஒரு வாரமா போன் சுவிட்ச் ஆஃப்னே வருது. கொஞ்சம் பெருசு பண்ணுங்க சாமி."

விரல்களால் விரித்தேன். பழுப்பு நிறம் மட்டும் பெரிதானது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

விண்வெளியிலிருந்து பார்த்தால் எல்லைகளே தெரியாது என்பதற்காகத்தான் எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆட்களும்தான் தெரிவதில்லை. நீங்களாக இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?