செல்வி அக்காவின் உதை

சிடி பிளேயர் சூடேறினால் ரப்பர் கருகும் நாற்றம் வரும். அந்த நாற்றத்தோடுதான் போடியில் எங்கள் ஓரறை வீட்டில் அந்தச் சண்டைப் படம் ஓடியது. வெளிநாட்டு நகரமொன்றில் டேக்வாண்டோ பள்ளி நடத்தும் குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் காலைச் சுழற்றி உதைப்பவர்கள். தமிழ் "டப்பிங்" என்பதால் வில்லன்கூட மதுரைக்காரன் மாதிரி திட்டினான். படத்து அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ரவுடிகளை உதைத்து வெளியே தள்ளியபோது எங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரிக்காதவள் செல்வி அக்கா ஒருத்திதான். அவளுக்கு அப்போது இருபது வயது. விடியுமுன்னே அம்மாவோடு ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் "காயெடுப்பு"க்குப் போய், இருட்டும்போது திரும்புவாள். படம் பார்த்ததிலிருந்து அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. தட்டு கழுவப் போனால் சுவருக்கு ஒரு உதை, துணி காயப்போடப் போனால் கொடிக்கம்பத்துக்கு ஒரு உதை. "பொம்பளப் புள்ளைக்குக் காலத் தூக்குற சோலி எதுக்கு?" என்று அப்பா சத்தம் போட்டார். காலாண்டு விடுமுறையில் நானும் அவர்களோடு மலைக்குப் போன அன்றுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

திரும்பும் வழியில், நெருக்கியடித்த ஜீப்பில், காட்டில் எல்லோரையும் வேலை வாங்கும் கங்காணி அக்காவை ஒட்டி உட்கார்ந்தான். வளைவுகளில் வண்டி சாய்வதைச் சாக்கு வைத்து அவள்மேல் சாய்ந்தான்.

"தள்ளி உக்காருங்கண்ணே," என்றாள் அக்கா.

"வண்டி சாயுது, நான் என்ன செய்ய?"

அடுத்த வளைவில் வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்தபோதும் அவன் அவள் பக்கமே சாய்ந்தான். அக்கா காலைத் தூக்கினாள். அந்த நெருக்கத்தில் கால் முழுதாக எழவில்லை. பாவாடை தடுத்தது, குறி தப்பிக் கம்பியில் பட்டு நகம் பெயர்ந்தது. அவன் பலமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அம்மா எழுந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "டிரைவரு, நிப்பாட்டுய்யா!" மற்ற பெண்களும் சேர்ந்து கத்த, வண்டி நின்றது. "எறங்குடா வெரசா!" ஆளுக்கொரு கையாகத் தள்ளி, அவனை ரோட்டோரம் இறக்கிவிட்டு வந்தோம்.

மறுநாள் அந்த ஜீப்பு எங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்தக் காட்டில் வேலையும் போயிற்று.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"நீங்க அந்த ஜீப்புல ஒருக்கா ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

கஞ்சியோடு நாட்கள் போயின. பிறகு, அன்று கூட வந்த பெண்களே வேறொரு காட்டு ஜீப்பில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இடம் பிடித்தார்கள். அதில் அக்காவைச் சுற்றி அவர்கள்தான் உட்கார்ந்தார்கள்.

அக்கா இப்போது பக்கத்து ஊரான தேவாரத்தில் குடும்பமாக இருக்கிறாள். அந்தச் சிடியை வாடகைக்கு எடுத்த கடை போய்விட்டது; படத்தின் பெயரும் எங்கள் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பெண்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைப்புத் தேடிச் சிதறிவிட்டார்கள். நான் மட்டும் போடியிலேயே இருக்கிறேன். விடியுமுன் ஹாரன் கேட்டால் ஜன்னலைத் திறந்து, ஜீப்புக்குள் ஒடுங்கியிருக்கும் புள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.