உறுமாத நாய்

ஜானி கடைசியாக உறுமிய நாள் எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் நான் எழுதிவந்த நோட்டில், ஆயுத பூஜைக்கு இருபத்திரண்டு நாள் முந்தைய பக்கத்தில் அது இருக்கிறது: “இன்றோடு உறுமலை விட்டது. மாமா ஜெயித்தார்.”

மாமா, அம்மாவின் தம்பி. பாரிவாக்கத்து நிலத்தை விற்றுத் திருமழிசையில் லேத்துப் பட்டறை போட்டவர். காவலுக்கு வளர்த்த ஜானி, வேலை கொடுக்க வந்தவர்களைப் பார்த்தும் உறுமியது. உறுமும்போதெல்லாம் சுருட்டிய பேப்பரால் மூக்கில் ஒரு தட்டு விழும். ஒரு மாதத்தில் பாடம் ஏறிவிட்டது. “எம்மாம் சமத்து ஆயிட்டான் பாரு!” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். காவலுக்கு வைத்த நாய்க்கு வாயைக் கட்டுகிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. முன்பு அது உறுமினால் இரண்டடி தள்ளி நிற்பேன். இப்போது எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

ஆயுத பூஜையன்று மாலை, கழுவித் துடைத்த இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு ஜானிக்கும் வைத்தார் மாமா. கழுத்தில் சாமந்தி மாலை. அடுத்து வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். நாய் குறுக்கே ஓடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

“பாப்பா, நீ புடிச்சிக்கோ.”

“வேணாம் மாமா, பயமா கீது.”

“இன்னாத்துக்கு பயம்? அவன்தான் சவுண்டே வுடறதில்லையே!”

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். நான் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

ஜானி முகத்தை வேறு பக்கம் திருப்பியது. உதட்டை நக்கியது. மறுபடியும் நக்கியது. பிறகு வாய் முழுக்கத் திறந்து ஒரு கொட்டாவி. “பூஜையில தூக்கம் வருது தொரைக்கு” என்றார் ஒருவர். என் கைக்குள் அதன் உடம்பு மரக்கட்டையாக இறுகியிருந்தது. வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. கடைக்கண்ணில் வெள்ளை, பிறை மாதிரி தெரிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதன் நெஞ்சும் என் கையில் அடித்துக்கொண்டது. விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விட்டால் சிரிப்பார்களே. மாமா கையில் கற்பூரம் எரியும் பூசணிக்காய், பட்டறை வாசலை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று.

பூசணிக்காய் தரையில் சிதறிய சத்தமும், என் முன்கையில் பல் இறங்கியதும் ஒன்றாகவே நினைவிருக்கின்றன.

பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் சோப்புப் போட்டுக் காயத்தை நெடுநேரம் கழுவினார்கள். “சொல்லாம கொள்ளாம கடிச்சிடுச்சு சார்” என்று டாக்டரிடம் மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். நம்பிய ஒருவன் ஏமாற்றிவிட்டது போன்ற குரல் அது. ஊசியைப் பார்த்ததும் எனக்கு வாய் கோணியது. மாமா ஒரு விரலை உயர்த்தினார்.

“உஸ்! சவுண்டு வரக்கூடாது.”

வரவில்லை. “சமத்து” என்று தலையைத் தடவினார்.

மறுநாள் ஜானியை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நெற்றியில் குங்குமம் இன்னும் இருந்தது. ஏற்றும்போதும் அது சத்தம் போடவில்லை.

நோட்டில் ஆயுத பூஜை நாளின் பக்கத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது. “ஜானி காரணமே இல்லாமல் கடித்துவிட்டது.” அதன் கீழே, அடிக்கோடிட்டு, “நான் அழவே இல்லை.” இரண்டும் ஒரே செய்தி என்பது, எழுதியவளுக்கு அப்போது தெரியாது.