சாக்பீஸில் வரைந்த லிஃப்ட்

திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் மூடிக் கிடக்கும் நூற்பாலை. இயந்திரங்கள் போய்விட்ட கூடத்தில், நான் வடிவமைத்த அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டை அசல் அளவிலேயே சாக்பீஸால் தரையில் வரைந்திருக்கிறேன். பழைய தொழிலாளர் லைன் வீடுகளை இடித்துவிட்டு, அங்கிருப்பவர்களுக்கும் இதில் வீடு தருவதாக ஏற்பாடு. அவர்களுக்குக் காட்டத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன்.

பல வருஷம் இங்கே நூல் சுற்றிய இசக்கியம்மாளுக்கு ஐந்தாவது மாடி. கட்டத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்க்கிறார்.

"இதுல எத்தன பேரு போலாம்?"

"ஆறு பேர் நிற்கலாம்."

"எங்க வீட்டுக்காரவுக நிக்க மாட்டாவளே. வாதம் வந்து படுத்துல்லா கெடக்காவ."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டத்துக்குள் மல்லாந்து படுக்கிறார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் கோட்டுக்கு வெளியே கிடக்கிறது.

"காலை மடக்கிக்கலாமே" என்கிறார் கட்டுமான நிறுவனத்து மேலாளர்.

"அவுகளுக்கு மடங்காதுய்யா" என்கிறார் இசக்கியம்மாள், படுத்தபடியே.

எட்டு வருஷமாக லிஃப்ட் வரைகிறேன். யாரையும் படுக்கவைத்து யோசித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது. கோட்டை அழித்து நீட்டி வரைகிறேன். அது வரைபடத்தில் லிஃப்டை ஒட்டியிருக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போகிறது. மேலாளர் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்.

இசக்கியம்மாள் மறுபடி படுக்கிறார். கால் உள்ளே இருக்கிறது. தலைக்கு மேலே கையை நீட்டித் தடவுகிறார். விரல் உடனே கோட்டைத் தொடுகிறது.

"தலைமாட்டுல நான் எங்கன நிக்க?"

இன்னும் ஓரடி தள்ளி வரைகிறேன்.